பன்னீராயிரம் தடவை

1

நாதமுனிகளைப் பற்றி வைணவர்கள் சொல்லும் கதைகளில் ஒன்றை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சோழன் சபையில் நாலாயிரம் தாளங்களை ஒரே சமயத்தில் தட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றின் எடையும் இவ்வளவு என்று அவர் சொன்னாராம். பக்தர்களுக்கு இது மகிமை. பகுத்தறிவாளர்களுக்குப் புளுகு. இரு சாராரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். கதை எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாலாயிரம் தாளங்கள் ஒன்றாக ஒலித்தால் காதில் விழுவது வெறும் இரைச்சல்தான். ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒவ்வொரு தாளமும் தன் குரலை இழக்காமல் இருக்கிறது, கேட்கத் தெரிந்த காதுக்கு அது பிரிந்து வரும் என்பது கதையின் நம்பிக்கை. நாலாயிரம் பாட்டுகளைத் தொலைத்து மீட்ட ஒரு மரபு, நாலாயிரம் தாளங்களைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்லிக்கொண்டது தற்செயலாக இருக்க முடியாது.

நாதமுனிகளின் ஊர் காட்டுமன்னார்கோயில். பழைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் (907-955) பட்டம். வீராணம் ஏரியின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இந்த ஊரில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எண்களைச் சரிபார்ப்பது என் ஜீவனம். எழுதப்பட்ட ஒன்று வந்து சேரும் வழியில் எப்படிக் கெடுகிறது, கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி எனக்கு இலக்கிய விமர்சனத்திலிருந்து வரவில்லை, அலுவலிலிருந்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியைப் பொறியாளர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1918ல் ஜெர்மனியில் ஷாட்கி, மின்னோட்டம் தனித்தனி எலெக்ட்ரான்களாக வந்து விழுவதாலேயே வால்வுகளில் ஒரு இரைச்சல் எழும் என்று காட்டினார். 1928ல் அமெரிக்காவில் ஜான்சனும் நைக்விஸ்டும் இதைவிடச் சங்கடமான ஒன்றைச் சொன்னார்கள். ஒருவர் அளந்தார், மற்றவர் கணக்குப் போட்டார். எந்தக் கம்பியிலும், அது சும்மா கிடந்தாலும், வெப்பத்தினால் எலெக்ட்ரான்கள் அலைந்துகொண்டிருக்கின்றன. அந்த அலைச்சல் இரைச்சலாக வெளிப்படுகிறது. வெப்பம் உள்ளவரை இரைச்சல் உண்டு. நல்ல கருவி செய்து இதைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. ஆகவே ஒரு செய்தி எவ்வளவு உரக்க வருகிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை. செய்தியின் சக்தியை இரைச்சலின் சக்தியால் வகுத்தால் என்ன வருகிறது என்று கேட்க வேண்டும். சமிக்ஞை-இரைச்சல் விகிதம் என்பது இதுதான். ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து கூடுவதை அறிந்த எவருக்கும் இது தெரிந்த விஷயம்.

1948ல் ஷானன் இதற்கு மேல் ஒரு படி போனார். இரைச்சல் மிகுந்த வழியிலும் செய்தியைப் பிழையின்றி அனுப்பலாம், அந்த வழியின் கொள்ளளவுக்குள் அனுப்பினால் போதும், அதற்குரிய விலையைக் கொடுத்தால் போதும் என்றார். மிகையாகச் சொல்வதுதான் அந்த விலை. ஒன்றைச் சொல்லத் தேவையானதைவிட அதிகமாக, ஒழுங்கோடு, ஒன்றை மற்றொன்று சரிபார்க்கும் விதமாகச் சொல்ல வேண்டும்.

காசோலை எழுதுபவர்கள் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். தொகையை எண்ணாலும் எழுதுகிறோம், எழுத்தாலும் எழுதுகிறோம். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும்? 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் 18ஆவது பிரிவில் எழுத்தே செல்லும் என்கிறது. எண்ணில் ஒரு சுழி கூடினாலும் அது ஓர் எண்தான். எழுத்தில் ஒன்று பிசகினால் அது சொல்லாக இருப்பதில்லை, பிசகு உடனே கண்ணில் படும். மொழிக்குள்ளேயே காவல் இருக்கிறது.

2

நாலாயிரம் மீட்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காட்டுமன்னார்கோயிலில் பெருமாளைச் சேவிக்க வந்த யாத்ரீகர்கள் குடந்தைப் பெருமாள் மேல் ஒரு திருவாய்மொழிப் பதிகத்தைப் பாடினார்கள். அதன் கடைசிப் பாட்டு, இது ஆயிரத்தில் ஒரு பத்து என்று தன் கணக்கைத் தானே சொன்னது. மற்றவை எங்கே என்று நாதமுனிகள் கேட்டார். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றார்கள்.

இந்தக் கதையில் தெய்வம் தலையிடுவது பிறகு. முதலில் தலையிடுவது ஒரு கணக்கு. நம்மாழ்வாரின் பதிகங்கள் பெரும்பாலும் பதினொரு பாட்டுக் கொண்டவை. கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும், ஊரும், இது ஆயிரத்தில் பத்து என்ற கூற்றும் வந்துவிடுகின்றன. உரைகாரர்கள் இதைப் பலன் சொல்வதாகக் கொண்டார்கள். நவீன விமர்சகர்கள் சம்பிரதாயம் என்று ஒதுக்கினார்கள். எனக்கு இது பேரேட்டுப் பக்கத்தின் அடியில் போடும் கூட்டுத்தொகை போலத் தோன்றுகிறது. பக்கம் கிழிந்து ஒரு மூலை மட்டும் கையில் கிடைத்தாலும், முழுப் புத்தகம் எவ்வளவு பெரியது என்று அந்த மூலை சொல்லிவிடும். இன்று வங்கி அட்டை எண்ணின் கடைசி இலக்கம் செய்யும் வேலையும் இத்தகையதுதான். ஐ.பி.எம். கம்பெனியின் லூன் என்பவர் வகுத்து 1960ல் காப்புரிமை பெற்ற முறை அது. முன்னுள்ள எண்களிலிருந்து கணக்கிட்டு அந்த இலக்கத்தை வைக்கிறார்கள். ஓர் எண்ணைத் தவறாக அடித்தால் கடைசி இலக்கம் ஒத்துவராது.

திருவாய்மொழியில் இதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. அது முழுக்க அந்தாதி. ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கம். நூறு பதிகங்களில் ஒன்று மட்டும் பதின்மூன்று பாட்டுக் கொண்டது, மற்றவை பதினொன்று. 99ஐ 11ஆல் பெருக்கி 13ஐக் கூட்டினால் 1102. இன்று நம் கையில் இருப்பதும் 1102. கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தில் போய்ச் சேருகிறது. நடுவில் ஒரு பாட்டை உருவினால் இரண்டு நுனிகள் தொங்கும். வேறொன்றைச் செருகுகிறவன் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட வேண்டும்.

நாதமுனிகள் குருகூருக்குப் போனார். அங்கே மதுரகவியின் வழியில் வந்த பராங்குசதாசர், மதுரகவி தம் ஆசிரியர் மேல் பாடிய பதினொரு பாட்டுகளைப் பன்னீராயிரம் தடவை சொல்லும்படி கூறினார். சொன்னார், நாலாயிரமும் கிடைத்தது என்று கதை முடிகிறது.

பன்னீராயிரம் என்ற எண் என்னை விடுவதில்லை. பதினொரு பாட்டைச் சொல்ல மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அறுநூறு மணி நேரம். நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதம். திரும்பத் திரும்பக் கேட்பது இரைச்சலைத் தோற்கடிக்கும் வழி என்பது பொறியியலின் அடிப்படைப் பாடம். செய்தி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருவதால் அது அப்படியே கூடிக்கொண்டு போகும். இரைச்சல் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறாக வருவதால் தன்னைத் தானே பாதி தின்றுவிடும். நூறு தடவை கேட்டால் தெளிவு பத்து மடங்கு, பத்தாயிரம் தடவை கேட்டால் நூறு மடங்கு, அதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலம். பன்னீராயிரத்துக்கு ஏறக்குறைய நூற்றுப்பத்து. உதகமண்டலம் முத்தோரைச் சரிவில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைந்து 1970ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் கொண்டது. அத்தனை பெரிய கருவிக்குள்ளும் தொலைவான மூலத்திலிருந்து வந்து விழும் சக்தி, கருவியின் சொந்த இரைச்சலைவிட மிகச் சிறியது. நீண்ட நேரம் கேட்டுச் சேர்ப்பதுதான் வழி.

கதையை அப்படியே இயற்பியலாக்குவது அசட்டுத்தனம் என்பதும் எனக்குத் தெரியும். திரும்பச் சொன்னது ஒன்று, கிடைத்தது வேறொன்று. என் வாசிப்பு எளியது. ஒரு மனிதர் வேற்றூரில் இரண்டு மாதம் தங்கி, அங்கு யார் யார் வாயில் எந்தெந்தத் துண்டு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பூட்டுகளும் கணக்குகளும் துண்டுகளைச் சேர்க்க வழி காட்டின. பிறகு ஊர் திரும்பி, தம் மருமக்கள் கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்ற இருவருக்கும் இசையோடு கற்பித்தார். ஒருவருக்குச் சொல்லாமல் இருவருக்குச் சொன்னார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே பிரதி எப்போதும் ஆபத்து.

நம் காலத்துக் கவிஞர்கள் யாப்பை அலங்காரம் என்று நினைத்து உதறினார்கள். உதறியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் யாப்பின் முதல் வேலை அலங்காரம் அன்று, காவல். எதுகையும் மோனையும் அந்தாதியும் மனித ஞாபகம் என்ற இரைச்சல் மிகுந்த வழிக்காகக் கொடுக்கப்பட்ட விலை. அச்சு வந்த பிறகு அந்தச் செலவு தேவைப்படவில்லை. புதுக்கவிதை சாத்தியமானதில் சுதந்திர உணர்ச்சிக்கு இருந்த பங்கு அச்சு எந்திரத்துக்கும் இருந்தது.

3

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் திருநாரையூர் இருக்கிறது. அது நம்பியாண்டார் நம்பியின் ஊர். காதின் வழியே ஒரு மீட்பு நடந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஓலையின் வழியே இன்னொன்று நடந்திருக்கிறது.

சிதம்பரம் கோயிலில் மூவர் பாடல்களின் ஏடுகள் ஓர் அறையில் மூவரின் கை அடையாளத்தோடு பூட்டிக் கிடந்தன. மூவரும் வந்தால்தான் திறப்போம் என்று தில்லைவாழ் அந்தணர்கள் சொன்னார்கள். சோழன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து நிறுத்தினான். அறை திறந்தது. உள்ளே ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது. அந்தச் சோழன் இராஜராஜன் என்று பலர் சொல்வார்கள், அவனுக்கு முந்தியவன் என்பவர்களும் உண்டு. சம்பந்தர் பாடியவை பதினாறாயிரம் பதிகம், அப்பர் நாற்பத்தொன்பதாயிரம், சுந்தரர் முப்பத்தெட்டாயிரம் என்பது மரபுக் கணக்கு. மிஞ்சியது மொத்தத்தில் எண்ணூறுக்குப் பக்கம். மரபு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இழப்பு பெரிது என்ற உணர்வை எடுத்துக்கொண்டால் போதும்.

தேவாரத்திலும் காவல் உண்டு. சம்பந்தரின் பதிகத்தில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் மாலும் அயனும் தேடுவார்கள், பத்தில் சமணரும் பௌத்தரும் திட்டு வாங்குவார்கள், பதினொன்றில் சம்பந்தர் கையெழுத்துப் போடுவார். ஆகவே ஏழாம் பாட்டு இல்லையென்றால் இல்லை என்று தெரிகிறது. அச்சுப் புத்தகத்தில் அந்த இடத்தில், செய்யுள் சிதைந்துவிட்டது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். இழந்தது இன்ன இடம் என்று காவல் சொல்கிறது, இழந்த பாட்டு என்ன என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. பிழையைக் கண்டுபிடிப்பது வேறு, திருத்துவது வேறு. 1950ல் ஹாமிங் என்ற கணித அறிஞர் இந்த வித்தியாசத்தைத்தான் கணக்காக்கினார். திருத்துவதற்கு அதிக விலை கொடுக்க வேண்டும்.

அரித்த ஏடுகளைக் கண்டு அரசன் கலங்கி நின்றபோது, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று ஓர் அசரீரி கேட்டதாம். எனக்கு இந்தக் கதையில் ஒப்ப முடியாத இடம் இதுதான். கரையானுக்கு ரசனை கிடையாது. அதன் வேலை முழுக்கத் தற்செயல், ஜான்சனின் கம்பியில் அலையும் எலெக்ட்ரானைப் போல. மிஞ்சியதைப் பார்த்துவிட்டு, மிஞ்சத் தகுதியுள்ளதே மிஞ்சியது என்று சொல்வது கேட்பவனின் சமாதானம். நம் இலக்கிய வரலாறுகளில் பாதி இந்த அசரீரியின் குரலில் எழுதப்பட்டவை. காலம் வடிகட்டும் என்கிறார்கள். காலத்துக்கு வடிகட்டத் தெரியாது, அரிக்கத்தான் தெரியும்.

அசரீரி தவறு என்பதற்குச் சாட்சி உண்டு. ஏடுகளில் இல்லாத ஒரு சம்பந்தர் பதிகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. ஏடு கைவிட்டதைக் கல் வைத்திருந்தது. வேண்டாதது என்றால் அதை யாரோ ஒருவர் ஏன் கல்லில் வெட்டினார்?

4

கல்லும் நம் ஊரில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு புகழ்பெற்றது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராஜன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. எபிகிராஃபியா இண்டிகாவில் நீலகண்ட சாஸ்திரி அதை வெளியிட்டார்.

கல்வெட்டு எழுதப்பட்டது கொலையைச் சொல்வதற்காக அன்று. துரோகிகள், அவர்கள் உறவினர் ஆகியோரின் சொத்துகள் பறிக்கப்பட்டன. அந்த நிலத்தை ஊர்ச் சபை விற்றது. வாங்கியவர் அதைத் தர்மத்துக்கு வைத்தார். வெட்டியவருக்குச் செய்தி நிலம், கொலை பக்கத்தில் கேட்ட சத்தம். நமக்கோ நிலம் சத்தம், கொலை செய்தி. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று கல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை எழுதினார். இன்று அந்தக் கல்லின் முன் நிற்பவர்கள் அதில் கல்கியைத்தான் படிக்கிறார்கள்.

செய்தி எது, சத்தம் எது என்பது பொருளில் இல்லை, கேட்பவனின் கேள்வியில் இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான்ஸ்கி அட்லாண்டிக் கடந்து பேசும் ரேடியோ தொலைபேசியைக் கெடுக்கும் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவர். ஒரு மெல்லிய சீறல் மட்டும் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாகவே உச்சத்துக்கு வந்தது. 23 மணி 56 நிமிடம் நட்சத்திரங்களின் நாள். அது நம் பால்வீதியின் நடுவிலிருந்து வருகிறது என்று 1933ல் எழுதினார். தொலைபேசிக் கம்பெனிக்கு ஒழிக்க வேண்டிய இரைச்சலாக இருந்தது, வானியலுக்கு ஒரு புதிய கண்ணாகிவிட்டது.

5

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டால் இரைச்சல் கரையும் என்றேன். தற்செயலான இரைச்சலுக்குத்தான் அது பொருந்தும். ஒரே பக்கமாகச் சாயும் பிழை எத்தனை தடவை கேட்டாலும் கரையாது. தராசின் ஒரு தட்டு கனமாக இருந்தால் பன்னீராயிரம் தடவை நிறுத்தாலும் அதே தப்புத்தான் வரும், இன்னும் உறுதியாக வரும்.

இதை எனக்குப் புத்தகம் கற்றுத்தரவில்லை. சென்ற சம்பா நடவு முடிந்த சமயம், ஓர் அம்மாள் பணம் எடுக்க வந்தார். விரல் வைக்கும் கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், வேறு விரல் வைத்தார், நானும் கருவியைத் துடைத்தேன். பத்துப் பன்னிரண்டு தடவை ஆகியிருக்கும். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். “நாத்து நட்டே ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு தம்பி, அது என்னா பண்ணும்?” என்று கருவிக்காக அவரே பரிந்து பேசினார். அன்று வேறு வழியில் அவர் பணத்தைக் கொடுத்தோம். ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஒன்று உறுத்தியது. அந்தக் கருவி என் விரலை எப்போதும் ஏற்கிறது. பிழை எல்லோர் மேலும் சமமாக விழவில்லை. சேற்றில் கை வைத்தவர்கள் மேல் விழுகிறது.

தேவாரக் கதையின் கடைசிப் பகுதிக்கு இப்போது வரலாம். ஏடு கிடைத்த பிறகு பண் தெரியவில்லை. சொல் வந்துவிட்டது, இசை வரவில்லை. தேடியபோது, திருஎருக்கத்தம்புலியூரில், அதாவது விருத்தாசலத்துக்குத் தெற்கே இன்றைய இராஜேந்திரப்பட்டினத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணுக்குப் பண்கள் தெரியும் என்று தெரிந்தது. அவளைச் சிதம்பரத்துக்கு அழைத்து வந்து, அவள் பாடக் கேட்டு, பதிகங்களுக்குப் பண் வகுத்தார்கள்.

பாணர் மரபு, சாதி அடுக்கில் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மரபு. மூவர் கைச்சாத்தோடு அறைக்குள் பூட்டிப் பாதுகாத்த ஓலை கரையானுக்குப் போயிற்று. யாரும் பாதுகாக்காத ஒரு குடும்பத்தின் தொண்டையில் இசை பிழைத்திருந்தது. அவளுக்கு அறை இல்லை, முத்திரை இல்லை. பாட்டி பாடி அம்மா கேட்டு, அம்மா பாடி மகள் கேட்டு, எண்ணிக்கை வைக்காமல் பன்னீராயிரம் தடவைக்கு மேல் போயிருக்கும்.

ஓலையைத் தேடிய நம்பிக்குப் பெயர் இருக்கிறது. அறையைத் திறந்த அரசனுக்குப் பெயர் இருக்கிறது, எந்த அரசன் என்ற சண்டையும் இருக்கிறது. உடையார்குடிக் கல்லில் நிலம் இழந்த ஒருவனின் தாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது, ஏனென்றால் நிலத்தைப் பறிக்கப் பெயர் தேவைப்பட்டது. பண் சொன்ன பெண்ணை மட்டும் பாணர் மரபில் வந்த ஒருத்தி என்று சொல்லிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. இதைக் கரையான் செய்யவில்லை. எழுதிய கை ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. எத்தனை பிரதி ஒப்பிட்டாலும் அந்தப் பெயர் இனிக் கிடைக்காது. எதையும் இழக்காதது போல, எல்லாப் பிரதிகளும் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும்.

நாலாயிரம் தாளத்தில் ஒன்றைக்கூடத் தவறவிடாத காதைப் பற்றிக் கதை கட்டிய ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். அந்தக் கதையை இன்று எவராவது நம்ப வேண்டும் என்றால், முதலில் தட்டப்படாத தாளம் எது என்று கேட்க வேண்டும்.